சுங்கமும் செங்கல்லும்

டென்மார்க்கில் கோட்டை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கோபன்ஹேகனில் தொடங்குவார்கள். நான் பால்டிக் கடலுக்குள் தள்ளிக் கிடக்கும் போர்ன்ஹோல்ம் தீவில் தொடங்கினேன். வரைபடத்தைப் பார்த்தால் இது சுவீடனின் தீவு என்றுதான் யாரும் நினைப்பார்கள், அவ்வளவு பக்கம். தீவின் வடமுனையில், கடலிலிருந்து 74 மீட்டர் உயர்ந்து நிற்கும் கருங்கல் மேட்டில், ஹம்மர்ஸ்ஹூஸ் கோட்டை இடிந்து கிடக்கிறது. வட ஐரோப்பாவின் மிகப் பெரிய கோட்டை இடிபாடு என்று பெயர் வாங்கியது.

ஏறிப்போகும் சரிவில் செம்மறிகள் மேய்கின்றன. புல்லை மட்டாக வைத்திருக்கும் வேலை அவற்றினுடையது. பழைய கல்பாலத்தைத் தாண்டி உள்ளே போனால் காற்று பேச விடுவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு சுவருக்குப் பின்னால் ஒதுங்கித்தான் சொல்ல வேண்டும். சுவர்கள் அடியில் கருங்கல், மேலே செங்கல். கருங்கல் அந்த மேட்டிலேயே கிடைத்தது. எந்த இடத்தில் பாறை முடிந்து கட்டடம் தொடங்குகிறது என்று சில மூலைகளில் கண்ணுக்குத் தெரியவில்லை.

இது அரசனின் கோட்டையாகத் தொடங்கவில்லை. லுண்ட் நகரத்துப் பேராயர்களின் கோட்டை. இன்று சுவீடனில் இருக்கும் லுண்ட் அப்போது டென்மார்க்கின் தலைமைத் திருச்சபை நகரம். 13-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பேராயருக்கும் அரசனுக்கும் ஓயாத சண்டை. அரசனின் கை எட்டாத தூரத்தில் பேராயருக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. கடவுளின் ஊழியர் கட்டிய கட்டடம் என்று இந்தச் சுவர்களின் தடிமனைப் பார்த்தால் சொல்ல முடியாது.

பிறகு கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. 1525-இல் டென்மார்க் அரசன், தனக்கு உதவிய லூபெக் நகர வணிகர்களுக்குக் கைம்மாறாகத் தீவையே எழுதிக்கொடுத்தான். ஐம்பது ஆண்டுகள் ஒரு ஜெர்மன் வணிக நகரம் இங்கே உட்கார்ந்து வரி வசூலித்தது. தீவின் குடியானவர்கள் ஒருமுறை கிளர்ந்தெழுந்து, அடக்கப்பட்டார்கள். 1658-இல் தோற்ற போருக்கு விலையாகத் தீவு சுவீடனுக்குப் போனது. ஆண்டு முடிவதற்குள் தீவுக்காரர்கள் சுவீடன் தளபதி பிரின்ட்சென்ஷோல்டைச் சுட்டுக் கொன்றுவிட்டு, கோட்டையைப் பிடித்து, தீவை டென்மார்க் அரசனிடமே திரும்ப ஒப்படைத்தார்கள். அரசன் விட்டுக்கொடுத்ததைக் குடிமக்கள் மீட்டு அவன் கையில் கொடுத்த கதையை போர்ன்ஹோல்மில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்துவிடும்.

கோட்டையின் நடுவே எஞ்சி நிற்பது மாண்டெல் கோபுரம். 1660-இல் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட்டும் அவர் மனைவி லியோனோரா கிறிஸ்டினாவும் இந்தக் கோட்டைக்குக் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவள் சாதாரணப் பெண் அல்ல, நான்காம் கிறிஸ்டியான் மன்னனின் மகள். ஆண்டுகொண்டிருந்த மூன்றாம் ஃபிரெடெரிக் அவளுக்கு வேறு தாய் வயிற்றுச் சகோதரன். கணவன் நாட்டின் மிகப் பெரிய பதவியில் இருந்து, பிறகு சுவீடன் பக்கம் சாய்ந்து, கடைசியில் இரு பக்கத்துக்கும் வேண்டாதவனாக ஆனவன். இருவரும் ஓரிரவு சுவரிலிருந்து இறங்கித் தப்பினார்கள். கடற்கரைவரை போய்ப் பிடிபட்டார்கள். அந்தச் சுவருக்குக் கீழே நின்று மேலே பார்த்தேன். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஓர் அரச குமாரி இருட்டில் இதில் இறங்கினாள் என்பதை என்னால் நம்ப முடிந்தது. அந்தக் கணவனுக்காக இறங்கினாள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. சொத்தின் பெரும்பகுதியை எழுதிக்கொடுத்து 1661-இல் விடுதலை ஆனார்கள். அவர்களைக் கொடுமையாக நடத்திய கோட்டைத் தலைவன் ஃபுக்ஸை மறு ஆண்டே ப்ரூஜ் நகரில் அவர்கள் மகன் குத்திக் கொன்றான்.

1743-இல் படை கோட்டையைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. தீவுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ரோன்னே ஊரின் காவல் மனைக்கு இங்கிருந்து செங்கல் போனது. பண்ணை வீடுகளுக்கும் தொழுவங்களுக்கும் கல் போனது. 1822-இல் சட்டம் போட்டுத் தடுக்கும்வரை கோட்டை ஊருக்குப் பொதுவான கல்குவாரியாக இருந்தது. கோட்டை ‘அழிந்தது’ என்று வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. நானூறு ஆண்டுகள் வரியாகவும் வெட்டிவேலையாகவும் கொடுத்தவர்கள் கொஞ்சம் செங்கல்லாகத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கோபன்ஹேகனின் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனையில் பாராளுமன்றமும் உச்ச நீதிமன்றமும் பிரதமர் அலுவலகமும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. அதற்கு அடியில் படியிறங்கிப் போனால் நகரம் பிறந்த இடம். 1167-இல் ஆயர் அப்சலோன் ஒரு சிறு தீவில் கட்டிய கோட்டையின் வளைந்த சுண்ணாம்புக்கல் மதில் விளக்கொளியில் கிடக்கிறது. 1369-இல் ஹான்சா வணிகக் கூட்டணிக்காரர்கள் அதை வெறுமனே எரித்துவிட்டுப் போகவில்லை. ஆள் வைத்துக் கல் கல்லாகப் பிரித்தார்கள். போட்டிக் கடையை இடிப்பவனின் பொறுமை அது. அதன்மேல் எழுந்த அடுத்த கோட்டையை ஆறாம் கிறிஸ்டியான் 1731-இல் இடித்தான். அவன் கட்டிய அரண்மனை 1794-இல் எரிந்தது. அடுத்தது 1884-இல் எரிந்தது. இப்போது இருப்பதற்கு 1900-களின் தொடக்கத்தில் அஸ்திவாரம் தோண்டியபோதுதான் அடியில் இருந்ததெல்லாம் வெளிப்பட்டது.

அந்த நிலவறையில் நீலக் கோபுரத்தின் அடித்தளமும் இருக்கிறது. லியோனோரா கிறிஸ்டினா 1663 முதல் 1685 வரை, கிட்டத்தட்ட 22 ஆண்டுகள், அந்தக் கோபுரத்தில் அடைபட்டுக் கிடந்தாள். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ் அவள் கணவனிடம் வாங்கிய கடனைக் கேட்டு வரப்போனவள். அவன் அவளை டோவர் துறைமுகத்தில் பிடித்து டென்மார்க்குக்குக் கொடுத்துவிட்டான். கடன் தீர்க்க இப்படியும் ஒரு வழி. உண்மையில் அவளை உள்ளே வைத்திருந்தது அரசி சோஃபி அமாலியாவின் பகை. அரசி இறந்த பிறகே கதவு திறந்தது. சிறையில் அவள் எழுதிய நினைவுக்குறிப்பு 1869-இல்தான் அச்சேறியது. டேனிஷ் உரைநடையின் முதல் பெரிய நூல்களில் ஒன்றாக அதை இன்று வைக்கிறார்கள். மேலே பாராளுமன்றத்தில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் சத்தம் கீழேவரை கேட்கிறது.

வடக்கே ஹெல்சிங்கோர். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே கடல் நான்கே கிலோமீட்டராகச் சுருங்கும் இடம். அந்தக் கழுத்தில் கை வைத்தாற்போல் குரோன்போர்க் நிற்கிறது. பச்சைப் பாசி படர்ந்ததுபோல் செம்புக் கூரைகள், மணல்நிறச் சுவர்கள், கடலைப் பார்த்து வரிசையாகப் பீரங்கிகள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹாம்லெட்டைத் தேடி வருகிறார்கள். ஷேக்ஸ்பியர் இங்கே வந்ததற்குச் சான்று கிடையாது. ஆனால் 1580-களில் ஆங்கில நடிகர்கள் சிலர் இந்த அரண்மனையில் வேலைக்கு இருந்தார்கள். அவர்கள் ஊர் திரும்பிச் சொன்ன கதைகள் அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்? நல்லது. ஆனால் இங்கே நடந்த உண்மை நாடகம் வேறு. அது சுங்கம்.

பொமரேனியாவின் எரிக் என்ற மன்னன் 1420-களில் இங்கே ஒரு கோட்டை கட்டி, நீரிணையைக் கடக்கும் ஒவ்வொரு வெளிநாட்டுக் கப்பலும் காசு கொடுக்க வேண்டும் என்றான். பால்டிக்கின் தானியம், மரம், தார், சணல் எல்லாம் இந்த வழியாகத்தான் மேற்கே போக வேண்டும். கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. தலைவர்கள் படகில் கரைக்கு வந்து சுங்கச்சாவடியில் கட்டணம் கட்டினார்கள். காற்றுக்குக் காத்திருந்த மாலுமிகளுக்குக் கள்ளும் கயிறும் உப்புக்கண்டமும் விற்றே ஹெல்சிங்கோர் ஊர் பெருத்தது.

முதலில் கப்பலுக்கு இவ்வளவு என்று இருந்தது. இரண்டாம் ஃபிரெடெரிக் 1567-இல் சரக்கின் பேரில் வரி போட்டான். சரக்கின் மதிப்பை யார் சொல்வது? கப்பல் தலைவனே சொல்லலாம். ஆனால் அவன் சொன்ன விலைக்கே மொத்தச் சரக்கையும் வாங்கிக்கொள்ளும் உரிமை அரசனுக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போயிற்று. கூட்டிச் சொன்னால் வரி கூடும். சோதனைக்கு ஆளோ தராசோ வேண்டாம், அவனவன் பயமே கணக்குப்பிள்ளை. இவ்வளவு சிக்கனமான வரிச்சட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்தப் பணம் நேரே அரசனின் பைக்குப் போனது. பிரபுக்களின் சபை அதில் கை வைக்க முடியாது. 1574 முதல் 1585 வரை ஃபிரெடெரிக் பழைய கோட்டையை அரண்மனையாக்கியது அந்தக் காசில்தான். 62 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடன மண்டபம். அதில் தன் முன்னோர்களான டேனிஷ் மன்னர்கள் நூறு பேருக்கு மேல் நெய்த திரைச்சீலைகளைத் தொங்கவிட்டான். அவர்களில் பலர் புராண மன்னர்கள். சுங்கக்காரனுக்கு வம்சப் பெருமை தேவைப்படத்தான் செய்யும்.

1629-இல் வேலையாட்களின் கவனக்குறைவால் தீப்பிடித்து தேவாலயம் தவிர எல்லாம் போனது. நான்காம் கிறிஸ்டியான் என்ன செய்தான்? சுங்கத்தைக் கூட்டிக் கட்டினான்.

இந்தக் கிறிஸ்டியான் தமிழர்களுக்கு அந்நியன் அல்ல. 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கிழக்கே கப்பல்களை அனுப்பியவன் இவன்தான். முன்னே போன ஒரு கப்பலுக்கு இந்த நீரிணையின் பெயரையே வைத்திருந்தார்கள்: ‘ஓரெசுண்ட்’. அது காரைக்கால் அருகே போர்ச்சுகீசியர்களால் அழிக்கப்பட்டது. உயிர் தப்பியவர்கள் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் வந்த ஓவே யெட்டே 1620-இல் நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினான். நாயக்கர் பொன்னோலையில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தரங்கம்பாடிக் கடலோரத்தில் நிற்கும் அந்த மஞ்சள் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு குரோன்போர்க்கின் கொத்தளத்தில் நின்றதும் ஒன்று உறைக்கும்: கரையை ஒட்டிப் பீரங்கி, உள்ளே பண்டசாலை, பக்கத்தில் சுங்கம். பிழைக்கத் தெரிந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

இங்கே நாலு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய சுங்கம் 1857-இல் முடிந்தது. கடல் வணிக நாடுகள் சேர்ந்து ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து டென்மார்க்கின் உரிமையை வாங்கி மூடின. சுங்கப் பேரேடுகள் மட்டும் இருக்கின்றன, ஏறத்தாழ 18 லட்சம் கப்பல் பயணங்களின் கணக்கு. எந்த ஆண்டு எங்கிருந்து எவ்வளவு தானியம் போனது என்று ஐரோப்பியப் பொருளாதார வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

கோட்டைக்குக் கீழே இருண்ட சுரங்க அறைகளில் ஹோல்கர் டான்ஸ்கே உட்கார்ந்து தூங்குகிறான்: கைகட்டி, மடியில் வாள், தாடி தரைவரை. நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுவான் என்பது நம்பிக்கை. 1940-இல் ஜெர்மானியர்கள் வந்தபோது எழவில்லை. ஆனால் எதிர்ப்புப் போராளிகளின் குழு ஒன்று அவன் பெயரை வைத்துக்கொண்டது. அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

ஹெல்சிங்கோரை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் குர்ரே. காட்டுக்கு நடுவே முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள், புல், ஒரு தகவல் பலகை. நான்காம் வால்டெமார் 1375-இல் செத்துப்போன இடம். இந்தக் குர்ரே இருந்தால் கடவுள் சொர்க்கத்தைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று அவன் சொன்னதாகவும், அந்தப் பாவத்துக்காக இன்றும் இரவில் பேய்ப்படையோடு வேட்டைக்குத் திரிவதாகவும் கதை. அதை வைத்து ஷோன்பெர்க் பெரும் இசைக்குழுவுக்கு ஒரு படைப்பே எழுதினார். இடம் என்னவோ ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஹில்லரோட் ஏரியில் மூன்று சிறு தீவுகளின்மேல் பரந்திருக்கும் ஃபிரெடெரிக்ஸ்போர்க் அதற்கு நேர் எதிர். நான்காம் கிறிஸ்டியான் பிறந்த இடத்திலேயே பழையதை இடித்துவிட்டுக் கட்டிய மாளிகை. செங்கல், மணற்கல், செம்பு, கோபுரத்துக்கு மேல் கோபுரம். நீரூற்றின் வெண்கலச் சிலைகளை 1659-இல் சுவீடன் படை அள்ளிக்கொண்டு போனது. அவை இன்றும் ஸ்டாக்ஹோம் அருகே டிரோட்னிங்ஹோல்மில் இருக்கின்றன. இங்கே தண்ணீர் பீய்ச்சுவது நகல்.

1859 டிசம்பரில் ஏழாம் ஃபிரெடெரிக் குளிருக்கு மூட்டிய நெருப்பு மாளிகையைப் பிடித்தது. சுற்றிலும் ஏரி, ஆனால் உறைந்து கிடந்தது. பனியை உடைத்துத் தண்ணீர் எடுப்பதற்குள் பெரும்பகுதி எரிந்துவிட்டது. மீண்டும் கட்ட மக்கள் பணம் கொடுத்தார்கள். கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையை நிறுவிய ஜே.சி. ஜேக்கப்சன் தாராளமாகக் கொடுத்ததோடு, அங்கே ஒரு தேசிய வரலாற்று அருங்காட்சியகம் அமைய வேண்டும் என்றார். 1878 முதல் அது இருக்கிறது. அறை அறையாக மன்னர்கள், போர்கள், உடன்படிக்கைகள். எல்லாம் செம்மை. எனக்குத்தான் கொஞ்சம் மூச்சு முட்டியது. ஒரு கீறல்கூட இல்லாத கோட்டையில் எதை நம்புவது?

தீ தொடாமல் விட்ட தேவாலயத்தில் அந்தக் குறை தீர்ந்தது. 1610-ஆம் ஆண்டின் மரக்குழல் ஆர்கன் இன்றும் அங்கே வாசிக்கப்படுகிறது. சுவர் நெடுக யானை விருது பெற்றவர்களின் கேடயங்கள். ஆம், டென்மார்க்கின் மிக உயர்ந்த விருதின் சின்னம் யானை. முதுகில் ஒரு கோபுரம், கழுத்தில் பாகன். யானையே இல்லாத நாட்டில் யானைக்குத்தான் முதல் மரியாதை. இளவரசர்களின் சிங்கங்களுக்கும் கழுகுகளுக்கும் நடுவே இயற்பியலாளர் நீல்ஸ் போரின் கேடயத்தில் சீனத்து யின்-யாங் வட்டம் இருக்கிறது. அந்தச் சுவரில் சிந்தித்துத் தேர்ந்தெடுத்த சின்னம் அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

யூட்லாந்து தீபகற்பத்தின் கிழக்கே கோல்டிங் ஊர். 1268-இல் எல்லைக் காவலுக்காக எழுந்த கோல்டிங்ஹூஸ் 1808 மார்ச் மாத இறுதியில் எரிந்தது. எரித்தவர்கள் எதிரிகள் அல்லர், விருந்தாளிகள். நெப்போலியனின் கூட்டாளிகளாக, சுவீடன்மேல் படையெடுக்க அனுப்பப்பட்ட ஸ்பானியச் சிப்பாய்கள் அங்கே தங்கியிருந்தார்கள். டென்மார்க்கின் மார்ச் குளிர் அவர்களுக்குத் தாங்கவில்லை. கணப்பில் விறகை அடைத்துக்கொண்டே போனார்கள். மாளிகை எரிந்தது, பெரிய கோபுரம் பிளந்து மண்டபத்தின்மேலும் தேவாலயத்தின்மேலும் சரிந்தது. சில மாதங்களில் ஸ்பெயினில் நெப்போலியனுக்கு எதிராகக் கலகம் மூண்டதும் அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயக் கப்பல்களில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கோல்டிங்குக்கு மிச்சமானது கரி.

அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இதை என்ன செய்வது என்று வாதாடினார்கள். ஃபிரெடெரிக்ஸ்போர்க்போல் பழையபடியே கட்டிவிடலாம், ஹம்மர்ஸ்ஹூஸ்போல் விட்டுவிடலாம். 1970-களில் வேலையை எடுத்துக்கொண்ட கட்டடக் கலைஞர்கள் இங்கர் எக்ஸ்னர், யோஹன்னஸ் எக்ஸ்னர் தம்பதி இரண்டையும் செய்யவில்லை. எரிந்த செங்கல் சுவரை எரிந்தபடியே நிறுத்தினார்கள். அதன்மேல் எடையை ஏற்றாமல், உள்ளே உயரமான மரத் தூண்களை நட்டு, கிளை விரிவதுபோல் மேலே பிரித்து, புதிய கூரையை அவற்றின் தலையில் வைத்தார்கள். சுவர் இல்லாமல் போன இடத்தில் ஓக் மரச் சில்லுகள் வேய்ந்த புதிய சுவர். எது பழையது, எது புதியது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. அந்த மண்டபத்தில் நிற்கும்போது கருகிய செங்கல்லின் சொரசொரப்பைக் கையால் தடவ முடிகிறது. தலைக்கு மேல் இளமஞ்சள் மரம், பெரிய வெளிச்சம். கோட்டைகளைப் பழுது பார்ப்பது பற்றிப் பேசுகிற எல்லோரையும் இங்கே கொண்டுவந்து ஒரு மணி நேரம் பேசாமல் நிற்க வைக்க வேண்டும்.

வடக்கே இன்னும் போனால், ஆர்ஹூஸ் வளைகுடாவுக்கு அப்பால், காலோ. கடலுக்குள் ஒரு திட்டு. அதற்குக் கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குக் கூழாங்கல் பாவிய சாலை. இடைக்காலத்துச் சாலை. செருப்புக் காலுக்கு இதமில்லை. கல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கடல் அலம்புகிறது. குழந்தைகள் ஓடிப் போய் விழுந்து எழுகிறார்கள். திட்டின் உச்சியில் ஒரே ஒரு செங்கல் கோபுரம், கூரையில்லாமல்.

1313-இல் யூட்லாந்துக் குடியானவர்கள் வரிச்சுமைக்கு எதிராக எழுந்தார்கள். எரிக் மென்வெட் மன்னன் அடக்கினான். அடக்கியதோடு, அடுத்த கலகத்தை ஒடுக்கத் தேவையான கோட்டைகளை அந்தக் குடியானவர்களையே கட்ட வைத்தான். அவற்றில் ஒன்று காலோ. அடுத்த மன்னன் முடிசூட வேண்டுமானால் இந்தக் கோட்டைகளை இடிப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்று 1320-இல் நிபந்தனை வைத்தார்கள், அவனும் கொடுத்தான். சில பத்தாண்டுகள் கழித்து நான்காம் வால்டெமார் காலோவை மறுபடி எழுப்பினான்.

1518-இல் இங்கே பிணைக்கைதியாக வந்தான் குஸ்தாவ் வாசா என்ற இளம் சுவீடன் பிரபு. காவலுக்கு இருந்தவர் அவனுக்குத் தூரத்து உறவினர். காவல் அவ்வளவு கெடுபிடியாக இல்லை போலும். மறு ஆண்டு மாட்டு வியாபாரி வேடத்தில் இந்தக் கல்சாலை வழியே நடந்து போனான் என்கிறார்கள். லூபெக் போய்ச் சேர்ந்து, ஊர் திரும்பி, 1523-இல் சுவீடனின் மன்னனானான். டென்மார்க், நார்வே, சுவீடன் மூன்றையும் ஒரு முடியின்கீழ் கட்டியிருந்த கால்மார் கூட்டாட்சி அத்தோடு முறிந்தது. தப்பியவனுக்காகப் பிணை எழுதிய உறவினர் பெருந்தொகை அபராதம் கட்டினார்.

1672-இல் கோட்டை உல்ரிக் ஃபிரெடெரிக் கில்டென்லோவேயின் கையில் இருந்தது. லியோனோராவைச் சிறையில் போட்ட மன்னனுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். அவனுக்குத் தலைநகரின் புதிய சதுக்கத்தில் ஒரு மாளிகை வேண்டியிருந்தது; செங்கல் சூளைக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? காலோவை இடித்துக் கப்பலில் ஏற்றினான். ஹம்மர்ஸ்ஹூஸின் செங்கல் குடியானவன் தொழுவத்துக்குப் போனது என்றால், குடியானவன் சுமந்து அடுக்கிய காலோவின் செங்கல் பிரபுவின் வரவேற்பறைக்குப் போனது. நான் முன்னே சொன்ன ‘திருப்பி எடுத்துக்கொண்டார்கள்’ கணக்கு இங்கே பொருந்தவில்லை.

அந்த மாளிகைதான் கோபன்ஹேகனின் கோங்கென்ஸ் நைடோர்வ் சதுக்கத்தில் இருக்கும் சார்லொட்டென்போர்க். 1700-இல் அரசமாதா சார்லொட் அமாலி வாங்கியதால் அந்தப் பெயர். 1754 முதல் அரச கலைக் கழகம் அங்கே இயங்குகிறது. மாணவர்கள் சைக்கிளை அந்தச் சுவரில்தான் சாய்த்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள்.